சென்சார் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் படமும் பாட்டும் விளையாட்டுமாக ஓடிவிடும். இரண்டாம் மாதத்தில்தான் "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கேள்வி இன்னும் சீக்கிரமே வந்துவிடும். அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்துகொண்டு போக வேண்டும் அல்லவா? அப்பா கடைக்குப் போவார். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து நீட்டுவார். "சார், இதில் எல்லாம் ரெடியாக இருக்கிறது. மாட்ட வேண்டியதுதான். இருட்டானால் விளக்கு தானாக எரியும்." பெட்டி வீட்டுக்கு வரும். மாட்டுவார்கள். விளக்கும் எரியும். பையன் பரிசுகூட வாங்குவான். ஆனால் விளக்கு ஏன் எரிந்தது என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

இதில் என்ன தவறு, விளக்கு எரிந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்பதுதான் என் கருத்து. கம்ப்யூட்டரோடு வெளியுலகத்தை இணைக்கும் முதல் வேலையில், ரெடிமேட் மாட்யூலை வாங்காதீர்கள். ஒரு எல்.டி.ஆர்., ஒரு ரெசிஸ்டர் ஆகிய இரண்டையும் தனித்தனியாக வாங்கி உங்கள் கையாலேயே இணையுங்கள். விளக்கை எரிய வைப்பதற்கு முன்னால், திரையில் வரும் எண்ணை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். இரண்டு பொருளும் சேர்ந்து ஒரு டீ, வடை செலவுக்குள் அடங்கிவிடும் என்பது ஒரு சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டருக்குக் கண் இருந்த காலம்

இன்றைய கம்ப்யூட்டரில் வெளியுலகத்தின் வெளிச்சத்தையோ வெப்பத்தையோ நேரடியாக அளக்க நமக்கென்று ஒரு துளை கிடையாது. எல்லாம் யு.எஸ்.பி. தான். ஆனால் தொடக்கக் காலத்தில் நிலைமை இப்படி இல்லை.

1981-ல் இங்கிலாந்தில் வெளியான பி.பி.சி. மைக்ரோ என்ற வீட்டுக் கம்ப்யூட்டரின் பின்புறத்தில் நான்கு சேனல் கொண்ட அனலாக் இன்புட் ஒன்று இருந்தது. அதில் வெப்பத்தை உணரும் பொருளையோ ஒளியை உணரும் பொருளையோ மாட்டி, பேசிக் மொழியில் ஒரே வரியில் அளவைப் படித்துவிடலாம். நம் நாட்டில் 1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தவை இந்த பி.பி.சி. மைக்ரோ வகைக் கம்ப்யூட்டர்கள்தான். அதே 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.க்கும் ஜாய்ஸ்டிக் மாட்டும் கேம் போர்ட் கார்டு ஒன்று கிடைத்தது. ஜாய்ஸ்டிக்கை அசைக்கும்போது மாறும் மின்தடையைத்தான் அது அளந்தது. ஜாய்ஸ்டிக்குக்குப் பதிலாக ஓர் எல்.டி.ஆரை அங்கே வைத்தால், கம்ப்யூட்டர் வெளிச்சத்தை அளக்கத் தொடங்கிவிடும். யு.எஸ்.பி. பரவியபின் இந்தப் போர்ட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன.

போன கண்ணைத் திருப்பிக் கொடுத்தது ஆர்டுயினோ போன்ற சிறு கன்ட்ரோலர் போர்டுகள்தான். 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் இருந்த ஒரு வடிவமைப்புக் கல்லூரியில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் பயன்படுத்தும்படி இது உருவாக்கப்பட்டது. 2010-ல் வந்த யூனோ என்ற மாடல் உலகம் முழுவதும் பரவியது. உள்ளங்கையில் அடங்கும் இந்தப் போர்டை யு.எஸ்.பி. கேபிளால் உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டினால் போதும். இதில் ஏ0 முதல் ஏ5 வரை ஆறு அனலாக் இன்புட்டுகள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று.

எல்.டி.ஆர். என்பது என்ன?

எல்.டி.ஆர். என்பது வெளிச்சத்தைப் பொறுத்து மாறும் ஒரு மின்தடை. பருப்பு அளவுக்கு ஒரு வட்டமான பீங்கான் வில்லை, அதன் முகத்தில் பாம்பு ஊர்ந்ததுபோல் நெளிநெளியாக ஒரு கோடு, பின்னால் இரண்டு கால்கள். அந்த நெளிகோட்டில் இருப்பது கேட்மியம் சல்பைடு. இருட்டில் இதன் மின்தடை மிக அதிகம். வெளிச்சம் பட்டால் குறையும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஜி.எல்.5528 என்ற வகையில், மங்கலான 10 லக்ஸ் வெளிச்சத்தில் 10 முதல் 20 கிலோ ஓம் வரை இருக்கும். நல்ல இருட்டில் 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் அளவுக்குப் போகும். பளிச்சென்ற வெயிலில் சில நூறு ஓம்களுக்கு இறங்கிவிடும்.

இந்தக் குணம் மனிதனுக்குத் தெரியவந்த கதையே சுவையானது. கடலுக்கடியில் தந்திக் கேபிள் போடும் வேலையில் இருந்த வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியாளர், கேபிளைச் சோதிக்க செலினியக் கம்பிகளை மின்தடையாகப் பயன்படுத்தினார். அவற்றின் அளவு நிலையாக நிற்கவில்லை. காரணம் தேடியபோது, வெளிச்சம் பட்டால் செலினியத்தின் மின்தடை குறைகிறது என்பது தெரியவந்தது. இதை 1873-ல் உலகுக்கு அறிவித்தார். அளவு சரியாக வரவில்லையே என்று ஒதுக்கிவிடாமல் ஏன் வரவில்லை என்று கேட்டதில் பிறந்த கண்டுபிடிப்பு இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கேட்மியம் நச்சுத்தன்மை உள்ள உலோகம். 2006 ஜூலை முதல் ஐரோப்பிய நாடுகள் எலக்ட்ரானிக் பொருட்களில் இதற்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கின்றன. எல்.டி.ஆரைக் கையால் தொடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் உடைக்கவோ, எரிக்கவோ, குழந்தைகள் வாயில் வைக்கவோ விடாதீர்கள்.

இரண்டு பொருள், மூன்று இணைப்பு

எல்.டி.ஆரின் இரண்டு கால்களையும் போர்டில் சொருகினால் வேலை முடிந்தது என்றுதான் புதியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். முடியாது. ஏனென்றால் போர்டில் உள்ள சிப் மின்தடையை அளக்காது. அது அளப்பது வோல்டேஜை மட்டும்தான். மாறுகின்ற மின்தடையை மாறுகின்ற வோல்டேஜாக ஆக்கிக் கொடுக்க வேண்டியது நம் வேலை. அதற்குத்தான் அந்த இரண்டாவது பொருளான 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, தங்கம் என்ற வரிசையில் அதன்மேல் பட்டைகள் இருக்கும்.

முதலில் யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஒயர் மாற்றும்போதெல்லாம் இந்தப் பழக்கம் இருக்கட்டும். பிறகு பிரெட்போர்டில் இப்படி இணையுங்கள்.

முதல் இணைப்பு: எல்.டி.ஆரின் ஒரு காலைப் போர்டில் உள்ள 5 வோல்ட் துளைக்குக் கொண்டு செல்லுங்கள். எல்.டி.ஆருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. எந்தக் காலாக இருந்தாலும் சரி.

இரண்டாவது இணைப்பு: எல்.டி.ஆரின் மற்றொரு காலும் ரெசிஸ்டரின் ஒரு காலும் ஒன்றாகச் சேரட்டும். அவை சேரும் இடத்திலிருந்து ஓர் ஒயரை ஏ0 துளைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது இணைப்பு: ரெசிஸ்டரின் மற்றொரு காலை ஜி.என்.டி. என்று அச்சிட்டிருக்கும் கிரவுண்டு துளையில் சேருங்கள்.

அவ்வளவுதான். 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் நேரடியாக இணைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் யூனோ போர்டில் இதற்கென்றே, அதிக கரன்ட் போனால் தடுத்துவிட்டுப் பிறகு தானாகச் சரியாகும் ஃபியூஸ் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்காக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

புரோகிராம் எழுதத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆர்டுயினோவின் இலவச சாஃப்ட்வேரிலேயே மாதிரிகள் இருக்கின்றன. ஃபைல் மெனுவில் எக்ஸாம்பிள்ஸ், அதில் பேசிக்ஸ், அதில் அனலாக்ரீட்சீரியல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். போர்டு மெனுவில் யூனோவையும், போர்ட் மெனுவில் உங்கள் போர்டு காட்டும் எண்ணையும் தேர்ந்தெடுத்து, அம்புக்குறி பட்டனை அழுத்தினால் புரோகிராம் போர்டுக்குள் போய்விடும். விலை குறைந்த போர்டுகள் சிலவற்றில் சி.எச்.340 என்ற சிப் இருக்கும். போர்ட் எண் தெரியவில்லை என்றால் அதற்கான டிரைவரை நிறுவ வேண்டியிருக்கும். பிறகு டூல்ஸ் மெனுவில் சீரியல் மானிட்டரைத் திறந்தால் எண்கள் வரிசையாக ஓடத் தொடங்கும். உள்ளங்கையால் எல்.டி.ஆரை மூடுங்கள், எண் இறங்கும். டார்ச் அடியுங்கள், ஏறும். உங்கள் கம்ப்யூட்டருக்குக் கண் வந்துவிட்டது.

பாகப்பிரிவினை

இந்த எண் எப்படி வருகிறது? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணக்கு வேண்டாம். 5 வோல்ட் என்ற சொத்தை எல்.டி.ஆர்., ரெசிஸ்டர் என்ற அண்ணன் தம்பி இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள். யாருடைய மின்தடை பெரியதோ அவருக்குப் பெரிய பங்கு. தம்பியான ரெசிஸ்டரின் பங்கு எவ்வளவோ, அதைத்தான் ஏ0 அளக்கிறது.

எல்.டி.ஆர். 10 கிலோ ஓம் ஆக இருக்கும்போது இருவருக்கும் சரிபாதி, அதாவது 2.5 வோல்ட். இருட்டில் எல்.டி.ஆர். 1 மெகா ஓம் ஆகிவிட்டால் சொத்து முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 0.05 வோல்ட். வெயிலில் எல்.டி.ஆர். 200 ஓம் ஆகச் சுருங்கினால் ரெசிஸ்டருக்கு 4.9 வோல்ட் கிடைக்கும்.

போர்டில் உள்ள சிப் 0 முதல் 5 வோல்ட் வரை உள்ள தூரத்தை 1024 படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். வரும் வோல்டேஜ் எந்தப் படியில் நிற்கிறதோ அந்த எண்ணை, 0 முதல் 1023 வரை, நமக்குச் சொல்கிறது. 2.5 வோல்ட் என்றால் 512. இருட்டில் 10. வெயிலில் 1000-க்குச் சற்று மேல்.

இதில் ஒரு நல்ல அம்சமும் இருக்கிறது. யு.எஸ்.பி.யில் வருவது துல்லியமாக 5 வோல்ட்டாக இருக்காது. கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் சொத்தும் அதே 5 வோல்ட், அளவுகோலும் அதே 5 வோல்ட் என்பதால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். பங்கு விகிதம் மாறாது. எண்ணும் மாறாது.

ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள்

இப்போதுதான் என் வாதத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஏ0 துளையில் இருக்கும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். திரையைப் பாருங்கள். எண் நின்றுவிட்டதா? இல்லை. வந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடம் 300 என்கும், அடுத்து 420 என்கும், விரலைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஆடும். சென்சாரே இல்லை. ஆனாலும் அளவு வருகிறது!

காற்றில் தொங்கும் அந்த இன்புட், சுற்றியுள்ள மின்சார ஒயர்களின் சலசலப்பையும் நம் உடம்பில் இருக்கும் மின்னூட்டத்தையும் பிடித்து ஏதோ ஓர் எண்ணாக்கிச் சொல்கிறது. "சென்சாரைக் காணோம்" என்று சொல்ல அதற்குத் தெரியாது. கேட்டால் எண் சொல்லும். அதுதான் அதன் வேலை.

இன்னும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஏ0 ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு, எல்.டி.ஆரை மட்டும் கழற்றுங்கள். எண் 0 ஆகிவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இது நள்ளிரவு. இப்போது எல்.டி.ஆரை மாட்டிவிட்டு ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். எண் 1023-ஐ ஒட்டிப் போய் நின்றுவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இது உச்சிவெயில். நீங்கள் உட்கார்ந்திருப்பதோ அதே அறை, அதே டியூப்லைட்.

வயதானவர்கள் ஏறி இறங்கும் மாடிப்படிக்கு ஒரு சிறு விளக்கு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்.டி.ஆர். ஒயர் அறுந்தால் விளக்கு பகலிலும் எரியும். பேட்டரி வீணாகும், அவ்வளவுதான். ரெசிஸ்டரின் கால் தளர்ந்தால் விளக்கு இரவிலும் எரியாது. யாராவது தடுக்கி விழுந்தபின்தான் தெரியும். இரண்டும் ஒரே மாதிரியான பழுது இல்லை. எண்ணைப் பார்க்கத் தெரிந்தவர் இதற்கு வழி செய்யலாம். உண்மையான வெளிச்சம் நாள் முழுக்க ஒரே எண்ணில் நிற்காது. மேகம் போகும், ஆள் நடப்பார், மாலை மங்கும். இருபத்து நான்கு மணி நேரமும் 0 என்றே வந்தால் அது இரவு அல்ல, அறுந்த ஒயர். 1023 என்றே வந்தால் அது பகல் அல்ல, விட்டுப்போன ரெசிஸ்டர். இதைப் புரோகிராமில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். மாட்யூல் தரும் "இருட்டு, இருட்டில்லை" என்ற ஒற்றைப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ரெசிஸ்டரை மாற்றினால் உலகம் மாறும்

அடுத்த சோதனை. சன்னலோர வெளிச்சத்தில் உங்கள் எல்.டி.ஆர். 2 கிலோ ஓம் என்றும், அறையின் மங்கலான மூலையில் 50 கிலோ ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே அளந்துகொள்ளலாம்.

10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் சன்னலில் 853, மூலையில் 170. வித்தியாசம் 683 படிகள். அதே இடத்தில் 1 கிலோ ஓம் போட்டால் 341-ம் 20-ம் வரும். வித்தியாசம் 321 தான். 100 கிலோ ஓம் போட்டால் 1003-ம் 682-ம் வரும். வித்தியாசம் மீண்டும் 321. வெளிச்சம் மாறவில்லை, எல்.டி.ஆர். மாறவில்லை. ஆனால் ஒரே மூலைக்கு 20 என்றும் 170 என்றும் 682 என்றும் மூன்று பதில்கள்.

இதில் எது சரி? மூன்றுமே சரி. ஏனென்றால் அந்த எண் வெளிச்சத்தின் அளவு அல்ல. நீங்கள் போட்ட ரெசிஸ்டரோடு ஒப்பிட்டபோது எல்.டி.ஆர். எப்படி இருக்கிறது என்பதன் அளவு. உங்களுக்கு எந்த வெளிச்சத்துக்கும் எந்த இருட்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்து ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. இரண்டு நிலைகளிலும் எல்.டி.ஆரின் மின்தடையை அளந்து, இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். நம் உதாரணத்தில் 2-ஐ 50-ஆல் பெருக்கினால் 100. வர்க்கமூலம் 10. ஆகவே 10 கிலோ ஓம். இந்த மதிப்பில்தான் வித்தியாசம் மிக அதிகமாகத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கு வீட்டுக்குள் வந்து வேலை செய்வதைப் பார்க்கும் பிள்ளை அதை மறக்குமா?

டியூப்லைட் வெளிச்சத்தில் எண் சற்று நடுங்குவதையும் கவனியுங்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மங்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. எல்.டி.ஆருக்கு ஓரளவு தெரியும். பல அளவுகளை எடுத்துச் சராசரி பார்த்தால் நடுக்கம் அடங்கும்.

அப்படியானால் மாட்யூலே வேண்டாமா?

என் கருத்தை ஏற்காதவர்கள் சொல்லும் காரணங்களையும் பார்க்க வேண்டும். அவற்றில் நியாயமும் இருக்கிறது.

"நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் தப்பாக மாட்டினால் ஆசிரியர் என்ன செய்வார்?" என்பது முதல் கேள்வி. உண்மைதான். 2016 முதல் பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் என்ற பெயரில் இத்தகைய போர்டுகளோடு ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. அங்கே ஒரு பீரியடுக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கலாம். ஆனால் வீட்டில் மணி அடிப்பதில்லை. தப்பாக மாட்டி, ஏன் 1023 வருகிறது என்று அரை மணி நேரம் யோசிக்க வீட்டைவிட நல்ல இடம் எது?

"மாட்யூலில் நீலநிறத் திருகு இருக்கிறதே, அதைத் திருப்பி வேண்டிய அளவை வைத்துக்கொள்ளலாமே" என்பது இரண்டாவது. வைக்கலாம். ஆனால் அந்தத் திருகில் ஓர் எல்லைதான் வைக்க முடியும். மாலையில் வெளிச்சம் அந்த எல்லையை மெதுவாகக் கடக்கும்போது விளக்கு எரிவதும் அணைவதுமாகத் தள்ளாடும். எரிந்த விளக்கின் வெளிச்சமே எல்.டி.ஆரின் மேல் பட்டால் கூத்து இன்னும் அதிகம். எண் கையில் இருந்தால் இரண்டு எல்லைகள் வைக்கலாம். 300-க்குக் கீழே போனால் எரி, 400-க்கு மேலே வந்தால்தான் அணை. தள்ளாட்டம் நின்றுவிடும். நான்கு கால் உள்ள மாட்யூல்களில் எண்ணைத் தரும் அனலாக் கால் ஒன்றும் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் அந்தக் காலை ஏ0-இல் மாட்டிப் பாருங்கள். சிலவற்றில் வெளிச்சம் கூடும்போது எண் குறையும். ஏன் என்று உங்களால் இப்போது சொல்ல முடியும். அண்ணனும் தம்பியும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்!

"செல்போனிலேயே வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் காட்டும் ஆப் இருக்கிறதே" என்பது மூன்றாவது. இருக்கிறது. லக்ஸ் கணக்கில் சரியான அளவு வேண்டும் என்றால் எல்.டி.ஆர். அதற்கு ஏற்றதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே பாக்கெட்டில் வாங்கிய இரண்டு எல்.டி.ஆர்.களே ஒன்றுபோல் இருக்காது. அதற்கு பி.எச்.1750 போன்ற டிஜிட்டல் சென்சார்கள் இருக்கின்றன. ஆனால் ஆப் காட்டும் எண் எங்கிருந்து வந்தது, எந்த ரெசிஸ்டருக்குப் பின்னால் நிற்கிறது என்று நமக்குத் தெரியாது. இரண்டு போன்களை ஒரே மேஜையில் வைத்து ஒரே ஆப்பைத் திறந்தால் இரண்டு எண்கள் வருவதும் உண்டு. அப்போது எதை நம்புவீர்கள்?

வேறு போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒரு வார்த்தை. பைக்கோ, இ.எஸ்.பி.32 போன்ற போர்டுகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றில் எல்.டி.ஆரின் மேல் காலை 3.3 வோல்ட்டில்தான் மாட்ட வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் இன்புட் பழுதாகலாம். ராஸ்பெர்ரி பையில் அனலாக் இன்புட்டே கிடையாது. தனியாக ஒரு சிப் வாங்கிச் சேர்க்க வேண்டும்.

230 வோல்ட் பக்கம் போகாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எண் ஏறி இறங்குவதைப் பார்த்த உற்சாகத்தில், அடுத்ததாக ஒரு ரிலே வாங்கி வாசல் பல்பையே இதில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். "ஆட்டோமேட்டிக் தெருவிளக்கு" என்ற பெயரில் கண்காட்சி மேஜைகளில் 230 வோல்ட் ஒயர் திறந்து கிடப்பதையும் பார்க்கிறோம். வேண்டாம். யு.எஸ்.பி.யில் வரும் 5 வோல்ட் உங்களை ஒன்றும் செய்யாது. 230 வோல்ட் உயிரைக் குடிக்கும். கற்றுக்கொள்ள ஓர் எல்.இ.டி.யும் ஒரு 220 ஓம் ரெசிஸ்டரும் போதும். வாசல் பல்பை இயக்கும் எண்ணம் இருந்தால் அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இதில் சமரசமே கூடாது.

முடிவாக

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? கம்ப்யூட்டர் வாங்கிய நாள் முதல் நம் வீட்டுக்குள் எண்கள் வந்து குவிகின்றன. பேட்டரி இத்தனை சதவீதம், இன்று நடந்தது இத்தனை அடி, நேற்று தூங்கியது இத்தனை மணி என்று திரை சொல்கிறது. நாம் தலையாட்டுகிறோம். கையில் கட்டிய பட்டை ஒரு நாடித்துடிப்பு எண்ணைக் காட்டினால் பயப்படுகிறோம், அல்லது நிம்மதி அடைகிறோம். அந்தப் பட்டை தளர்ந்திருந்ததா, ஒளி சரியாகப் பட்டதா என்று கேட்பதில்லை. திரையில் வந்துவிட்டால் அது உண்மை என்று ஆகிவிடுகிறது.

எல்.டி.ஆரையும் ரெசிஸ்டரையும் தன் கையால் இணைத்து, ஒயரைப் பிடுங்கியபிறகும் எண் வருவதைக் கண்ணால் பார்த்த ஒரு பிள்ளை, எந்தத் திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது. "இந்த எண் எங்கிருந்து வருகிறது? இடையில் யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஒயர் அறுந்தால் இது என்ன சொல்லும்?" என்று கேட்கும். எல்லா எண்ணையும் சந்தேகிக்க வேண்டும் என்பதில்லை. கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். இந்தக் கேள்விகளை எந்த ரெடிமேட் பெட்டியிலும் வைத்து விற்பதில்லை.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளோடு உட்காருங்கள். காலை ஆறு மணி முதல் மணிக்கு ஒரு முறை திரையில் வரும் எண்ணை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் "மேகம்", "மழை", "அம்மா திரைச்சீலையை இழுத்தார்" என்று காரணத்தையும் எழுதட்டும். மாலையில் அந்த நோட்டைப் பார்த்து, விளக்கு எந்த எண்ணில் எரிய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அதன்பிறகு எரியும் விளக்கு கடைக்காரருடையது அல்ல, உங்களுடையது.